பூஞ்சையும் புற்றுநோயாளரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் குறிக்கப்பட்ட பொருள் இலக்கியம் அன்று. தமிழ் கற்பித்துப் பிழைக்கும் யாம் மருத்துவம் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். நம் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் எம் இல்லத்திற்கு வந்து, "ஐயா, நம்மவர் குடும்பங்களிற் புற்றுநோய் கண்டவர்கள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் சென்று கீமோ ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்புகிறார்கள். வீட்டில் அவர்களைக் காக்கும் முறையை மருத்துவர் சொல்லும்போது பாதி விளங்குகிறது, பாதி விளங்குவதில்லை. விளங்காத பாதியைத் தாங்கள் தமிழிற் சொல்லவேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். மருத்துவ அன்பர்கள் கூறியவற்றைக் கேட்டும், அவர்கள் காட்டிய நூல்களைக் கற்றும் தெளிந்தவற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். மருந்தின் பெயர்கள் இடையிடையே வரும், அளவு வாராது. அளவு மருத்துவர்க்கே உரியது.

புற்றுநோய் என்றவுடன் நாம் அஞ்சுவது கட்டியை. அச்சம் நியாயமே. ஆயினும் கட்டியைக் கரைக்கும் மருந்து உடலில் ஏறிய சில நாட்களில், கட்டிக்குச் சற்றும் தொடர்பில்லாத மற்றொரு பகை உட்புகுந்து உயிரைக் கவர்தலும் உண்டு. பாக்டீரியா என்னும் கிருமிகள் அப்பகையின் முன்னணிப் படை. பூஞ்சை பின்னணிப் படை. முன்னதைப் பற்றிப் பலர் ஓரளவு அறிவர். பின்னதைப் பற்றி அறிந்தார் சிலர். ஈரமும் பனியும் மிக்க இம்மலையில் வாழும் நமக்குப் பூஞ்சை அயலானும் அன்று. அன்றாடம் உடன் வாழும் அண்டை வீட்டான். ஆதலின் அதனைப் பற்றிச் சற்று விரித்துப் பேசுதல் தகும் என்று கருதினோம்.

'பூசணம் பூத்துவிட்டது' என்பது நம் தாய்மார் வழக்கு. ஆடி மாதத்துத் தொடர்மழையில், பெட்டியில் வைத்த செருப்பு, சுவரோரத்துத் தலையணை, மூடி வைத்த ஊறுகாய், அலமாரியின் பின்புறம் என எங்கும் வெண்மையாகவும் பசுமையாகவும் கருமையாகவும் அது பூக்கும். பூவைப் போலவே அதற்கும் தூள் உண்டு. அத்தூளின் ஒரு மணி எத்துணைச் சிறிது எனின், ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் இனத்தின் வித்து ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் இரண்டு மூன்று கூறு அளவினது. கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மிதக்கும், மூக்கின் மயிரையும் கடந்து நுரையீரலின் அடிவரை செல்லும். நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான வித்துக்களை உள்ளிழுக்கின்றோம். இக்கூட்டத்திலிருக்கும் இவ்வேளையிலும் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றோம். இழுத்தும் நோயின்றி இருப்பது எவ்வாறு?

இதனை விளக்க எமக்குத் தேயிலையினும் சிறந்த உவமை கிட்டவில்லை. இச்சபையில் தேயிலைத் தோட்டம் உடையோரும், தோட்டத்தில் உழைப்போரும் நிரம்ப உள்ளீர். கொப்புள நோய் என்பது யாதென உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அதுவும் ஒரு பூஞ்சையே. அஸ்ஸாமில் 1868-ஆம் ஆண்டிலேயே கண்ட அந்நோய் தென்னாட்டுத் தோட்டங்களிற் புகுந்தது 1946-ஆம் ஆண்டில். அதற்கு முன்னரும் ஒரு பூஞ்சை நம் பயிரின் தலைவிதியை மாற்றியதுண்டு. 1869-இல் இலங்கையிற் காப்பிச் செடியைப் பற்றிய இலைத்துரு நோய் அந்நாட்டுக் காப்பியை அழித்தது; அங்குத் தேயிலை தழைத்ததற்கு அதுவே பெருங்காரணம். நிற்க.

கொப்புள நோயின் வித்து பனியோடும் காற்றோடும் தோட்டமெங்கும் பரவுகின்றது. முற்றிய இலைமீதும் விழுகின்றது, இளங்கொழுந்தின்மீதும் விழுகின்றது. முற்றிய இலை அதனை ஏற்பதில்லை, இளங்கொழுந்தே கொப்புளிக்கின்றது. எல்லாவற்றினும் மிகுதியாக வருந்துவது எது? கவாத்து வெட்டிய தோட்டம். வெட்டிய செடியில் எங்கு நோக்கினும் இளந்தளிரே. காக்கும் முதிர்ந்த இலை ஒன்றும் இல்லை. ஆதலால் கவாத்துக்குப் பின் தளிர்க்கும் செடிக்கு நாள் இடைவெளியைக் குறைத்து, நோய் தோன்றும் முன்னரே தாமிர மருந்து தெளிக்கின்றோம். நிழல்மரத்தின் கிளையைக் கழித்து வெயிலும் காற்றும் புகவிடுகின்றோம். நோய் வந்தபின் மருந்தடிக்கும் தோட்டக்காரனை அயலார் நகைப்பர்.

கீமோ பெற்றவர் உடல் கவாத்து வெட்டிய செடி. இவ்வுவமை முற்றும் பொருந்தும் என்று கொள்ளற்க; மனிதன் மேல் தாமிரம் தெளிப்பதில்லை. ஆயினும் காலக்கணக்கு பொருந்தும்.

கீமோ மருந்து என் செய்கின்றது? விரைந்து பெருகும் உயிரணுக்களை அது தேடித் தாக்குகின்றது. புற்றணு விரைந்து பெருகுவது. ஆனால் நம் உடலில் நல்ல அணுக்களும் சில அவ்வாறே பெருகுவன: மயிர்க்கால், வாய்முதல் குடல்வரை உள்ள மெல்லிய உள்தோல், எலும்பினுள் இருந்து இரத்தம் உண்டாக்கும் மச்சை. மருந்து நண்பன் பகைவன் என்று பாராது இவற்றையும் தாக்குகின்றது. தலைமயிர் உதிர்வதை ஊரார் காண்கின்றனர். அதைக் கண்டு அழுகின்றனர். மச்சை வறண்டதை எவரும் காண்பதில்லை. உயிருக்கு உலை வைப்பது பின்னதே.

மச்சையிற் பிறக்கும் வெள்ளணுக்களுள் நியூட்ரோபில் என்பது ஒருவகை. அதுவே நம் காவற்படையின் காலாள். உள்ளிழுத்த வித்து முளைத்து நூல்விடத் தொடங்கின், சூழ்ந்து கொன்றுவிடும். நலமுடையவர் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு அவை ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் ஏழாயிரம்வரை இருக்கும். கீமோ ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில், பெரும்பாலான மருந்துகளில், அத்தொகை அடிமட்டத்திற்கு இறங்கும். பின்பு மெல்ல ஏறும். 500-க்குக் கீழ் இறங்கினாற் பேராபத்து. 100-க்குக் கீழ் இறங்கின் அதனினும் பெரிது. இவ்வுண்மையை அமெரிக்காவில் ஜெரால்ட் போடி என்பாரும் உடனிருந்தோரும் 1966-ஆம் ஆண்டில் இரத்தப் புற்றுநோயாளரிடம் கணக்கெடுத்து வெளியிட்டனர். எண்ணிக்கை குறையக் குறையத் தொற்று மிகுகின்றது. குறைந்த நிலை எத்தனை நாள் நீள்கின்றதோ அத்தனைக்கும் ஆபத்து வளர்கின்றது. நீளும் நாட்களிலேதான் பூஞ்சை தலைதூக்குகின்றது.

இதனால் ஒன்று தெளிக. புற்றுநோயாளர் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர். மார்பகப் புற்றுக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருந்தேற்றிக்கொள்ளும் தாய்க்கு, வெள்ளணு குறைவது சில நாட்களே. பூஞ்சையின் ஆபத்து அவர்க்குச் சிறிது. கடும் இரத்தப் புற்றுநோய்க்கு முதற்சுற்று மருந்து பெறும் இளைஞனுக்கும், மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கும் வாரக்கணக்கில் காவற்படையே இராது. அவர்க்கு ஆபத்துப் பெரிது. இவ்வேறுபாட்டை அறியாத உறவினர், பின்னவர்க்குச் சொன்ன கட்டுப்பாடுகளை எல்லாம் முன்னவர்மேற் சுமத்தி, அறையிற் பூட்டி, பேரக்குழந்தையையும் காணவொட்டாது துன்புறுத்துதலை யாம் கண்டிருக்கின்றோம். அது பாதுகாப்பன்று, சிறை. 'எம் நோயாளி எவ்வகையினர்? வெள்ளணு எத்தனை நாள் குறைந்திருக்கும்?' என்னும் இரண்டு கேள்விகளை மருத்துவரிடம் தவறாது கேட்க வேண்டும்.

இனிப் பகைவரின் பெயர்களை அறிவோம். பூஞ்சை இருவகையாக வருகின்றது: உள்ளிருந்து வருவது ஒன்று, வெளியிலிருந்து வருவது மற்றொன்று.

உள்ளிருந்து வருவது கேண்டிடா. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் அது முன்னரே குடியிருக்கின்றது; நல்ல கிருமிகள் அதனை அடக்கி வைத்திருக்கின்றன. கீமோவினால் வாயின் உள்தோல் புண்ணாகும், ஆன்டிபயாடிக் மருந்துகளினால் நல்ல கிருமிகள் மடியும், காவற்படையும் இல்லை. அப்பொழுது இது பெருகி, நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்திவலை போல வெள்ளையாகப் படர்கின்றது. குடலின் புண் வழியாகவோ, மருந்தேற்ற நரம்பிற் பொருத்திய குழாய் வழியாகவோ இரத்தத்திலும் இறங்கக்கூடும். இவ்வினத்தில் ஆரிஸ் என்னும் ஒன்று 2009-இல் ஜப்பானில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. இந்திய மருத்துவமனைகளிலும் பின்னர்க் காணப்பட்டது. அது பல மருந்துகளுக்கு அடங்காதது. கையிலும் கட்டிலிலும் தொற்றி நிற்பது. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் மனிதர்க்குக் கேடு செய்யும் பூஞ்சைகள் பத்தொன்பதை வரிசைப்படுத்தியபோது, தலையாய நால்வருள் ஒன்றாக இதனை வைத்தது.

வெளியிலிருந்து வருவன ஆஸ்பர்ஜில்லஸும், மியூகோர் இனமும். இரண்டும் மண்ணிலும், மக்கிய இலையிலும், ஈரச் சுவரிலும், வைக்கோலிலும், எருக்குழியிலும் வாழ்வன. மூச்சின் வழியாக நுரையீரலையும் மூக்கின் பக்கத்து எலும்பறைகளையும் பற்றுவன. மியூகோரை நாடெங்கும் 2021-ஆம் ஆண்டில் அறிந்துகொண்டது. கொரோனாவின் இரண்டாம் அலையில், சர்க்கரை நோய் உடையோரையும், ஸ்டீராய்டு மருந்து பெற்றோரையும் அது பற்றியது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவில் அவ்வலையில் அந்நோயுற்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டரசு அதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கிற்று. மருந்துத் தட்டுப்பாட்டினால் மக்கள் பட்ட பாட்டை இங்குள்ளார் மறந்திரார்.

அதற்கு நாளிதழ்கள் இட்ட பெயர் 'கறுப்புப் பூஞ்சை'. சொல்லைத் தொழிலாக உடைய எமக்கு அப்பெயர் அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. பூஞ்சை கறுப்பன்று. அது இரத்தக் குழாயை அடைத்துவிடுவதனால் அப்பகுதித் தசை இறந்து கறுக்கின்றது. கறுப்பைக் காணும்வரை காத்திருந்தவர், நோயின் பெயரை நம்பிக் கெட்டவராவர். முகத்தின் ஒருபக்க வலி, கன்ன வீக்கம், மூக்கில் இரத்தக்கசிவு, கண்ணிமை வீக்கம், பார்வை இரட்டித்தல் என்பனவே முந்திய குறிகள். பிழைபட்ட பெயர் உயிரையும் வாங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஸ்டீராய்டும் சர்க்கரையும் புற்றுநோயாளர்க்கும் உரியன என்பதை மறவற்க. இரத்தப் புற்றுக்கும், வாந்தியைத் தடுப்பதற்கும், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு தரப்படுகின்றது. அதனால், இதற்குமுன் சர்க்கரை நோய் இல்லாதவர்க்கும் இரத்தத்திற் சர்க்கரை ஏறும். 'தெம்பு வேண்டும்' என்று பழச்சாற்றையும் இனிப்பையும் வரம்பின்றி ஊட்டும் அன்பர்கள் இதனை நினைக்க வேண்டும். வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் சிறு கருவி பல இல்லங்களில் உண்டு. அந்நாட்களில் அதனைப் பயன்படுத்துக.

மருந்துகளின் கதையும் சுவையுடைத்து. மாணவியர் இங்கு இருத்தலின் அதனைச் சற்று விரிப்போம். பூஞ்சையைக் கொல்லவேண்டும், மனிதனைக் கொல்லலாகாது. இஃது அரிய காரியம். என்னை? பாக்டீரியாவைவிடப் பூஞ்சை நமக்கு நெருங்கிய உறவு. அதன் அணுவின் அமைப்பு நம் அணுவை ஒத்தது. அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாகாண ஆய்வுக்கூடத்தில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்மணிகள் பணியாற்றினர். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். பல இடத்து மண்ணை வருவித்து, அதில் வாழும் நுண்ணுயிர்களுள் பூஞ்சைக்குப் பகையாவது எது என்று ஹேசன் தேடுவார். கிட்டியதைப் புட்டியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் ஓர் அன்பரின் பண்ணை மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் வேண்டியது கிடைத்தது. 1950-இல் உலகுக்கு அறிவித்தனர். தம் மாகாணத்தின் பெயரால் அதனை நிஸ்டாடின் என்றனர். அதனால் வந்த கோடிக்கணக்கான பொருளில் ஒரு காசும் தமக்கென வையாது அறிவியல் வளர்ச்சிக்கே தந்தனர். வாயிற் படரும் வெள்ளைக்கு அம்மருந்து இன்றும் வழங்குகின்றது. குடலிலிருந்து இரத்தத்தில் ஏறாதது ஆதலால், உடலின் ஆழத்திற் புகுந்த பூஞ்சைக்கு அது பயன்படாது.

ஆழத்திற்குச் செல்வது ஆம்போடெரிசின். தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து அதுவும் 1950-களிற் பிறந்தது. வன்மையான மருந்து, குளிர்நடுக்கத்தையும் சிறுநீரகக் கேட்டையும் விளைப்பது. கொழுப்புத்துளியுள் பொதிந்து தரும் புதிய வகையில் அக்கேடு குறைந்தது. 2021-இல் நாடு தேடி அலைந்தது இதனையே. பின் வந்தன அஸோல் என முடியும் பெயருடைய மருந்துகள்: புளூகோனஸோல், வோரிகோனஸோல், போசகோனஸோல் முதலியன. புளூகோனஸோல் கேண்டிடாவுக்கு ஆகும், ஆஸ்பர்ஜில்லஸுக்கு ஆகாது. 2007-இல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில், கடும் மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர்க்குப் பூஞ்சை வருமுன்னரே போசகோனஸோல் கொடுக்கப்பட்டது. பழைய மருந்து பெற்றோரைவிட அவர்களிடையே பூஞ்சைநோய் குறைந்தது, உயிர் பிழைத்தோரும் மிகுந்தனர். கவாத்து வெட்டிய செடிக்கு முன்மருந்து அடிப்பதன் நியாயம் இஃதே.

அவ்வாறாயின் எல்லார்க்கும் முன்மருந்து கொடுத்துவிடலாமே எனின், கொடுக்கலாகாது. இதற்கு நித்தியகல்யாணியைச் சான்று காட்டுவோம். நம் வீட்டு முற்றத்திற் பூக்கும் அச்செடியிலிருந்தே வின்கிரிஸ்டின் என்னும் கீமோ மருந்து எடுக்கப்படுகின்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு அது இன்றியமையாதது. கல்லீரல் அம்மருந்தைச் சிறிது சிறிதாக அழித்து வெளியேற்றும். அஸோல் மருந்துகளுட் பல அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்டால் வின்கிரிஸ்டின் உடலிலே தங்கி, நரம்பைக் கெடுத்து, கைகால் வலுவிழக்கவும் குடல் இயங்காது நிற்கவும் செய்யும். ஆதலால், 'பக்கத்து வீட்டுக்காரர்க்கு இம்மாத்திரை நன்மை செய்தது' என்று கடையில் வாங்கித் தருதல் கொடிது. வேறு மருந்தோ, கஷாயமோ, இலேகியமோ எதுவாயினும் மருத்துவர்க்குச் சொல்லாமல் ஊட்டற்க.

நம் தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழி காட்டியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை இந்நோய்க்கு இழந்த துயரத்தினின்றும் எழுப்பிய நிலையம் அது. 1954-ஆம் ஆண்டு பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிற்று. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். 1980-களில் அடையாறும், பம்பாய் டாட்டா நிலையமும், டில்லி எய்ம்ஸும் ஒரே முறையைக் கைக்கொண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு மருந்து கொடுத்தன. பிழைத்த குழந்தைகளின் தொகை பெருகிற்று. ஆயினும் மருந்தின் கடுமையால் வெள்ளணு குறைந்த நாட்களில் தொற்று வந்து இறந்த குழந்தைகளும் உண்டு. நோயை வெல்லும் மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, மருந்து கொடுத்த இடைநாட்களைக் காக்கவும் வேண்டும் என்னும் பாடம் பணக்கார நாடுகளைவிட நம் நாட்டிற்கே கடுமையாக உறைத்தது.

இனி வீட்டிற்கு வருவோம். இங்கேதான் நம் கை இருக்கின்றது.

முதலாவது கை. நோயாளியைத் தொடுவோர் தொடுமுன் சோப்பினாற் கைகழுவ வேண்டும். இதனைச் சொன்னாற் சிரிப்போர் உளர். சிரிக்கட்டும், கழுவிவிட்டுச் சிரிக்கட்டும்.

அடுத்தது வாய். மென்மையான பிரஷ், உணவுக்குப்பின் உப்பும் சமையற்சோடாவும் சிறிது கலந்த வெந்நீரைக் கொப்பளித்தல், பல்செட் உடையோர் இரவில் அதனைக் கழற்றித் தூய்மை செய்தல்: இவை செலவற்றன. வேப்பங்குச்சி நல்லதுதான், ஆனால் ஈறு புண்ணாகியிருக்கும் நாட்களில் வேண்டா. நாள்தோறும் ஒருமுறை வெளிச்சத்தில் நாவை நீட்டச் செய்து பாருங்கள்.

உறைவிடம் பற்றி நம் மலைக்கென்றே சிறப்பாகச் சொல்லவேண்டியவை உள. எம் உறவினர் ஒருவர் இரத்தப் புற்றுக்கு மருந்து பெற்று வீடு திரும்ப இருந்தார். வீட்டார் அன்பு மிகுதியால், அவர் தங்கும் அறையைப் புதுக்குவோம் என்று எண்ணி, பழைய ஓட்டைப் பிரிக்கவும் சுவரைச் சுரண்டவும் ஆள் விட்டனர். அவர் மருமகள் செவிலியர். செய்தியறிந்து ஓடிவந்து, "மாமாவை இத்தூசிக்குள் கொண்டுவராதீர்கள், அத்தை, வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று தடுத்து, வேலை முடிந்து தூசி அடங்கும்வரை அவரைத் தன் தாய்வீட்டில் வைத்துக்கொண்டாள். அப்பெண் செய்தது முற்றும் சரி. மருத்துவமனைகளிலேயே கட்டட வேலை நடக்குங்கால் எழுந்த தூசியினால் ஆஸ்பர்ஜில்லஸ் பரவிய செய்திகள் பல நாடுகளில் உண்டு. அதனாலன்றோ மச்சை மாற்றும் அறைகளில் நுண்தூசியையும் தடுக்கும் வடிகட்டி வழியாகவே காற்றை விடுகின்றனர்! வீட்டில் அவ்வடிகட்டி வைக்க நமக்கு இயலாது. ஆனால் நோயாளி வருவதற்கு முன்னரே சுவரின் பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணி போடலாம். கம்பளியையும் தலையணையையும் வெயில் கண்ட நாளெல்லாம் வெளியில் உலர்த்தலாம். ஈரத்துணிகளை நோயாளியின் அறையிற் கொடி கட்டித் தொங்கவிடாதிருக்கலாம். குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தே வைக்கும் வழக்கம் நம்மிடை மிகுதி. வெயில் ஏறியபின் திறவுங்கள்.

வெள்ளணு குறைந்த நாட்களில் நோயாளி தோட்டவேலை செய்யலாகாது. உருளைக்கிழங்கும் கேரட்டும் தோண்டுதல், எருக்குழி கிளறல், மாட்டுத்தொழுவம் கூட்டல், வைக்கோல் உதறல் ஆகியவற்றைப் பிறர் செய்க. 'சும்மா இருக்க மனம் வரவில்லை' என்பர் நம் பெரியோர். சிறிது காலமே என்று சொல்லி உட்காரவைக்க வேண்டும். வெளியே செல்ல நேரின், கட்டட வேலை நடக்கும் வழியில் நெருக்கமான முகக்கவசம் அணிக.

உணவைப் பற்றி ஊரில் நூறு கட்டளை உலவுகின்றன. பச்சையாக எதையும் உண்ணாத கடும் பத்தியம், நன்கு கழுவிச் சமைத்த உணவைவிடத் தொற்றைக் குறைப்பதாகச் சோதனைகளிற் காணப்படவில்லை. ஆதலின் பட்டினிக்கு நிகரான பத்தியம் வேண்டா. அன்று சமைத்ததைச் சூட்டோடு உண்க. பழத்தைக் கழுவித் தோலுரித்து உண்க. பூசணம் ஒருபுறம் பூத்த ரொட்டியை அப்புறத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தருதல் கூடாது, முழுவதையும் எறிக. பழைய ஊறுகாயும், காய்ச்சாத பாலும் அந்நாட்களுக்கு ஆகா.

நலம் விசாரித்தலைப் பற்றியும் ஒரு சொல். மாலையும் பூச்செண்டும் சுமந்து பத்துப்பேர் சேர்ந்து சென்று காண்பது நம் மரபு. மரபை இகழ்கிலோம். வெள்ளணு குறைந்தவர் அறைக்குப் பூவும் தொட்டிச்செடியும் வேண்டா என்பது மருத்துவமனைகளின் விதி. பூத்தண்ணீரிலும் தொட்டி மண்ணிலும் கிருமியும் பூஞ்சையும் வாழும். சளி இருமல் உடையோர் வாசலோடு நின்று வாழ்த்துக. பூவுக்கு ஆகும் பணத்தை வண்டிச் சத்தத்திற்குக் கொடுத்தால் அக்குடும்பம் நம்மை மறவாது.

எல்லாவற்றினும் தலையாயது காய்ச்சல். இதற்காகவே இப்பேச்சு என்று கொள்ளினும் தகும். கீமோ பெற்றவர்க்கு உடல்வெப்பம் ஒருமுறை 101 டிகிரி ஆனாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நிலைத்தாலும், அது சாதாரணக் காய்ச்சல் அன்று. காவற்படை இல்லாத உடலிற் சீழ் தோன்றாது, வீக்கம் தோன்றாது. காய்ச்சல் ஒன்றே கூவும் குரல். மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏறவேண்டும் என்பது உலகமெங்கும் வகுத்த நெறி. அம்மருந்து தந்தும் நான்கைந்து நாள் காய்ச்சல் தணியாவிடின், அப்பொழுது மருத்துவர் பூஞ்சையைத் தேடுவர், மார்பை சி.டி. ஸ்கேன் எடுப்பர், இரத்தத்திற் பூஞ்சையின் சுவட்டைச் சோதிப்பர். காய்ச்சலை அளக்குமுன் பாராசிட்டமால் கொடுத்துக் குரலை அடக்கிவிடாதீர்கள். ஸ்டீராய்டு பெறுவோர்க்குக் காய்ச்சலே தோன்றாமலும் போகலாம். குளிர்நடுக்கம், திடீர்ச் சோர்வு, மூச்சுத்திணறல் கண்டாலும் காய்ச்சல் என்றே கொள்க.

'விடியட்டும், பார்க்கலாம்' என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல். இரவு பத்து மணிக்கு நடுக்கம் வருகின்றது, வெளியே பனி, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவு, மழைக்காலமாயின் எங்கு மண் சரிந்திருக்குமோ என்னும் அச்சம். 2009 நவம்பரில் சரிந்த மலையை நாம் கண்ணாற் கண்டோம். ஆதலால் விடியட்டும் என்கின்றோம். காவற்படை இல்லாத உடல் விடியும்வரை காத்திராது.

இதற்கு வழி யாது? முதல் ஊசி மலையிலேயே ஏறட்டும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. குன்னூரில் லாலி மருத்துவமனை இருக்கின்றது. கீமோ கொடுக்கும் மருத்துவரிடம் முன்னரே கேட்டு, நோயின் பெயர், கடைசியாக மருந்தேற்றிய தேதி, காய்ச்சல் வந்தால் தரவேண்டிய முதல் மருந்து, ஒவ்வாத மருந்து, அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவுப்பணியில் இருக்கும் இளம் மருத்துவர்க்கு அத்தாள் பெருந்துணை. உள்ளே நுழைந்தவுடன், "இவர் கீமோ பெற்றவர், காய்ச்சல் வந்திருக்கிறது" என்னும் இரண்டு சொற்றொடரை உரக்கச் சொல்லுங்கள். வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருத்தல் இவ்விடத்திற் பண்பாகாது. முதல் மருந்து ஏறியபின், கீழே செல்லவேண்டுமாயின், மருத்துவர் சொற்படி 108 வண்டியில் இறங்கலாம்.

இச்சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் மூன்று. சிகிச்சை பெறும் ஒவ்வொருவர் வீட்டிற்கும் ஒரு தெர்மாமீட்டரைச் சங்கப் பொருளிலிருந்து வாங்கித் தருக. சர்க்கரை பார்க்கும் கருவி இல்லாதார்க்கு அதனையும் தருக. எந்த ஊரில் எவரிடம் இரவிலும் எடுக்கத்தக்க ஜீப்போ காரோ உண்டு என்று ஒரு பட்டியல் ஆயத்தம் செய்து அடுத்த இதழில் வெளியிடுக. எமது சிற்றுந்தையும் அதில் முதலாவதாக எழுதிக்கொள்க. மேற்சொன்ன தாளின் மாதிரியை அச்சிட்டு வைக்க. எழுத்து எளிய தமிழில் அமைய யாம் பொறுப்பு. நோயாளர் பெயரைப் பட்டியலிலோ இதழிலோ வெளியிட வேண்டா. காரியதரிசி ஒருவர் அறிந்தாற் போதும்.

காரியதரிசி அவர்கள் வாயிலருகே குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கின்றார்கள். வண்டி தர இசைபவர்கள் தேநீர் அருந்தப் போகுமுன் பெயரும் எண்ணும் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.